மடித்து வைக்கிறவள்

ஜேஜு தீவு,
ஏப்ரல் 11

இன்ஹ்வா,

என் போனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறாய், தெரிகிறது. மீன் சங்கத்துப் போனிலிருந்து அடித்தேன்; என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சுன்னிமின் போனிலிருந்து அடித்தேன். அவள்தான் என்று நினைத்து நலம் விசாரித்துவிட்டு, நான் என்று தெரிந்ததும் அதையும் வைத்துவிட்டாய். கடிதத்தை என்ன செய்வாய்? கிழிப்பாய். ஆனால் முழுதும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். என் தம்பியோடு நீ குடித்தனம் நடத்தியதை அடுத்த வீட்டிலிருந்து பார்த்தவள் நான். உன்னை எனக்குத் தெரியாதா?

அக்டோபரில் துறைமுகத்துக் கைவினைச் சந்தை. இந்த முறை நுழைவாசலுக்கு நேர் எதிரே கடை கொடுத்திருக்கிறார்கள். போன வருடம் தொலைக்காட்சியில் வந்ததன் பலன். பனிச்சைக் காயை இடித்துச் சாயம் போட்ட மேல்சட்டை என்றாலே இப்போது தொக்சுன் கடைதான் என்று ஆகிவிட்டது. முப்பது சட்டையாவது வேண்டும். சாயம் போட நான் இருக்கிறேன். தைக்கத்தான் ஆள் இல்லை.

ஊரில் ஒரு தையல்காரியை வைத்துப் பார்த்தேன். தோளை அவள் வெட்டியிருக்கும் அழகைப் பார்க்க வேண்டுமே. கடலில் முங்கி நத்தை பொறுக்கி ஏறின கையோடு சுன்னிம் போட்டுப் பார்த்துவிட்டு, "இதென்னடி, போலீஸ்காரன் ரெண்டு கையையும் பின்னாடி பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு. இதப் போட்டுக்கிட்டு நான் கடல்ல முங்கினா நத்தைதான் என்னைப் பொறுக்கும்" என்கிறாள். தெருவே சிரித்தது. துணி பாழ்.

நீ எப்போதும் போல வெள்ளையாகத் தைத்து அனுப்பு. காய் பருவத்துக்கு வந்ததும் நான் இடித்துச் சாயம் ஏற்றிக்கொள்கிறேன். காய் உன் வீட்டு மரத்தில்தான் பறிக்க வேண்டும், என் மரத்தைத்தான் புயல் சாய்த்துவிட்டதே. உன் வீட்டில் குடியிருக்கிற மூன் பெரியவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினால் தெருவில் இருக்கிற எல்லாரும் வந்து நிற்கிறார்கள், அவர் மட்டும் வருவதில்லை.

இன்னொன்று. தம்பியின் நினைவு நாள் போன மாதம் வந்து போனது. சோறும் மீனும் ரொட்டியும் நான் ஒருத்தியே வைத்துக் கும்பிட்டேன். உன் இடம் காலியாகக் கிடந்தது. எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தொக்சுன்


பூசான்,
ஏப்ரல் 20

தொக்சுன் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுதும் படித்தேன். கிழிக்கவில்லை.

அவருடைய நினைவு நாளன்று இங்கே என் மகள் வீட்டுச் சமையலறையில் ஒரு கிண்ணம் சோறு வைத்துக் கும்பிட்டேன். என் இடம் காலியாக இல்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் மாறியது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். எல்லாரும் தொலைக்காட்சி பார்த்திருப்பார்கள்.

நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. போன சந்தையில் அந்தப் பெண் மைக்கை உங்கள் முன்னால் நீட்டிக்கொண்டு என்னைக் காட்டி, "இவங்களும் சேர்ந்து செய்றாங்களா?" என்று கேட்டாள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவளா? அவ சும்மா மடிச்சு வைக்கிறவ" என்றீர்கள். அந்தக் கடையில் தொங்கிய ஒவ்வொரு சட்டையும் நான் வெட்டி நான் தைத்தது. அது நடந்தபோது நான் உண்மையாகவே ஒரு சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் படத்தில் விழுந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதை இங்கே பூசானில் என் சம்பந்தியம்மாவும் பார்த்திருக்கிறார். நான் வந்து சேர்ந்த மறுநாளே துணிக்கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீங்க மடிக்கிறதுல கெட்டிக்காரியாமே, டிவியிலயே சொன்னாங்களே" என்று சிரித்தார். அன்று முதல் இந்த வீட்டில் துணி மடிப்பது நான்தான். மாப்பிள்ளையின் காலுறை வரைக்கும்.

தைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கடைப் பலகையில் "சாயம் தொக்சுன், தையல் இன்ஹ்வா" என்று எழுதுங்கள். வேறொன்றும் எனக்கு வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அது உங்களுக்கு வராது. என் பெயர் நாலு பேர் கண்ணில் பட வேண்டும், நாலு பேர் வாயால் சொல்ல வேண்டும். அப்படி எழுதினால் முப்பது என்ன, அறுபது தைக்கிறேன்.

இன்ஹ்வா


ஜேஜு,
ஏப்ரல் 29

இன்ஹ்வா,

பலகை எழுதியாகிவிட்டது. "தொக்சுனின் வெயில் துணி". எழுத்துக்காரன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எழுதிவிட்டான். இன்னொரு பெயருக்கு ஒரு விரற்கடை இடம் இல்லை. இருந்தாலும் எழுதமாட்டேன்.

டிவிக்காரி சட்டென்று கேட்டாள், வாயில் வந்ததைச் சொன்னேன். இதைப் போய் ஆறு மாதமாக மடியில் கட்டிக்கொண்டு திரிவாயா? உனக்கு ஒன்று சொல்லட்டுமா? சந்தையில் வருகிற ஒவ்வொருத்தியும் சட்டையை எடுத்ததும் முதலில் என்ன செய்கிறாள்? உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறாள். "ஆகா, என்ன தையல்!" என்கிறாள். ஆகஸ்ட் மாதத்து மண்டை பிளக்கிற வெயிலில் நான் புல்தரையில் மண்டிபோட்டு ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் தெளித்துத் தெளித்து, புரட்டிப் புரட்டிப் போட்டுக் கொண்டுவந்த நிறத்தை ஒருத்தியாவது கேட்டிருக்கிறாளா? என்றாவது ஒருநாள் அந்த மைக் என் பக்கம் திரும்பியது. அன்றைக்கும் உன்னைப் பற்றிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

பெயர் கேட்கிறவள் பழசையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் வருடம் நீ பாலியெஸ்டர் நூலில் தைத்துக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், எனக்கும் தெரியவில்லை. வெயில் ஏறினதும் துணியெல்லாம் பழுப்பு, தையல் மட்டும் வெள்ளை வெளேர். ஊரே கூடிச் சிரித்தது. சுன்னிம்தானே அதற்குப் "பல்லிளிச்சான் சட்டை" என்று பெயர் வைத்தாள்? பருத்தி நூல்தான் துணியோடு சேர்ந்து சாயம் குடிக்கும், பாலியெஸ்டர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது என்பதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். பிரித்துப் பார்த்தும் பயனில்லை, நூல் இருந்த இடமெல்லாம் வெள்ளைத் தடம். கடைசியில் அந்தச் சட்டைகளைப் படகு துடைக்கக் கொடுத்தோம். அப்படித் தொடங்கியவள் இன்றைக்குப் பலகையில் இடம் கேட்கிறாய்.

தைப்பதாக இருந்தால் தை. இல்லையென்றால் சொல், வேறு ஆள் பார்க்கிறேன்.

தொக்சுன்


பூசான்,
மே 13

அக்கா,

யோசித்தேன். நீங்கள் சொல்வது சரி. பலகையில் இடம் இல்லையென்றால் இல்லைதான். துணியை அனுப்புங்கள், தைத்துத் தருகிறேன். பெயர் வேண்டாம்.

மரத்தில் காய் பறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் திறந்துவிடச் சொல்லி மூன் பெரியவருக்குப் பெரிய எழுத்தில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரிகிறது அவருக்கு.

உங்கள் கடிதத்தை யூரிமும் எடுத்துப் படித்துவிட்டாள். "ஏம்மா, இவ்வளவு பேசின அத்தைக்கா தைச்சுக் குடுக்கப் போறே? உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று ஒரே சத்தம். "இருக்குடி, அதனாலதான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

இன்ஹ்வா


ஜேஜு,
மே 22

இன்ஹ்வா,

வழிக்கு வந்தாயே. கடிதத்தைச் சுன்னிமிடம் காட்டினேன். "பாத்தியா, என் தம்பி பொண்டாட்டி எங்க போயிடுவா?" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இவ்ளோ சீக்கிரமா இறங்கி வந்துட்டாளா? எனக்கென்னமோ இது சுறான்னு தோணுதுடி" என்றாள். அவளுக்குத் தண்ணீருக்கடியில் கிடந்து கிடந்து எதைப் பார்த்தாலும் சுறாவாகத் தெரிகிறது.

துணி அனுப்பியிருக்கிறேன். கஞ்சி போகக் கொதிக்க வைத்து அலசிவிட்டேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தோளைத் தாராளமாக வெட்டு. பருத்தி நூலில் தை. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜூலை முடிவதற்குள் என் கைக்கு வர வேண்டும். அதற்கு மேல் போனால் காயில் பால் வற்றிவிடும், நிறம் பிடிக்காது.

பெட்டியில் கடற்பாசியும் காய்ந்த வாளை மீனும் வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மாவுக்குக் கொடு. உனக்கும்தான்.

தொக்சுன்


பூசான்,
ஜூலை 27

அக்கா,

மழை விடவில்லை. அதனால் தாமதம். முப்பதும் முடிந்துவிட்டது, நாளை அனுப்புகிறேன்.

பிரித்ததும் முதுகில் வரிசை வரிசையாகத் தையல் ஓடுவதைப் பார்ப்பீர்கள். பதறாதீர்கள். துறைமுகத்துக் காற்று முதுகில்தான் அடிக்கும் என்று அங்கே மட்டும் இரட்டைத் துணி வைத்து நெருக்கமாகத் தைத்திருக்கிறேன். சாயம் ஏறினால் அழகாக இருக்கும். நூலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தச் சட்டைகளில் மூட்டிய இடம் ஒவ்வொன்றிலும் போட்டிருப்பது பருத்தி நூல்தான். இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலெல்லாம் இந்த வீட்டுத் துணியை மடித்துவிட்டு மிச்ச நேரத்தில் உட்கார்ந்து தைத்தேன். சம்பந்தியம்மா ஒருநாள் வந்து எட்டிப் பார்த்து, "அட, நீங்க தைக்கவும் செய்வீங்களா?" என்றார்.

கிடைத்த உடனே சாயத்தில் போட்டுவிடுங்கள். காய் காத்திருக்காது.

இன்ஹ்வா


ஜேஜு,
ஆகஸ்ட் 5

இன்ஹ்வா,

பெட்டி வந்தது. அன்றே காய் பறிக்கப் போனேன். மூன் பெரியவர் வாசலில் நான் தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் சுவரேறிக் கையை ஆட்டின பிறகு, "அட, வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று சிரித்துக்கொண்டே திறக்கிறார். மரம் வளைந்து காய்த்திருக்கிறது. ஒரு காயைக் கடித்துப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் பேச்சு வரவில்லை. சுன்னிம், "இன்னும் ரெண்டு கடி கடி, ஊருக்குப் புண்ணியமாப் போகும்" என்கிறாள். முதல் தரமான காய்.

நேற்று இடித்து, சட்டைகளைச் சக்கையோடு சேர்த்துப் பிசைந்து, பிழிந்து உதறிப் புல்தரையில் பரப்பிவிட்டேன். முப்பது முதுகு வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. வெயில் அடி அடி என்று அடிக்கிறது.

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். முதுகுத் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட இடறவில்லை. உன் கை நல்ல கைதான்.

சாயம் ஏறட்டும், மறுபடி எழுதுகிறேன்.

தொக்சுன்


ஜேஜு,
ஆகஸ்ட் 7

அடிப் பாவி!

நேற்றுத் தண்ணீர் தெளிக்கும்போது முதுகில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. காய்ச்சக்கை ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. அடுத்ததைச் சுரண்டினேன். அதுவும் போகவில்லை. இன்றைக்கு வெயில் ஏறினதும் துணியெல்லாம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. உன் வரிசைத் தையலெல்லாம் அதோடு சேர்ந்து பழுப்பாகி மறைந்துபோனது. மறையாத நூல் மட்டும், அந்தச் சாயம் குடிக்காத நூல் மட்டும், உள்ளங்கை அகல எழுத்தில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. முப்பது முதுகிலும்.

"மடித்து வைக்கிறவள் தைத்தது."

சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்த சுன்னிம் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. "சுறான்னு சொன்னேனே, கேட்டியா?" என்கிறாள். பக்கத்து வீட்டு ஆரஞ்சுத் தோட்டத்து ஆட்கள் ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்த டிவிப் பேச்சு நினைவிருக்கிறது! இத்தனை நாள் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

நல்ல கை என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பு.

தொக்சுன்


பூசான்,
ஆகஸ்ட் 18

தொக்சுன் அக்காவுக்கு,

அனுப்பமாட்டேன். பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன்.

யோசனை உங்களுடையதுதான். பல்லிளிச்சான் சட்டையை நீங்கள் நினைவுபடுத்தியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. அன்றைக்குத் தெரியாமல் செய்த தப்புக்கு ஊரைக் கூட்டிச் சிரித்தீர்கள். அதே தப்பைத் தெரிந்து செய்தால் எவ்வளவு வசதி என்று அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதே புரிந்துவிட்டது. மூட்டிய இடத்தில் பருத்தி நூல் என்று எழுதினேன், அது சத்தியம். எழுத்துக்கு என்ன நூல் என்று நீங்கள் கேட்கவில்லை.

ஒவ்வொரு முதுகையும் தைக்கும்போது உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டேன். புல்தரையில் மண்டிபோட்டு, தண்ணீர் தெளித்து, நீங்களே உங்கள் கையாலேயே வெயிலில் அதை வெளியே கொண்டுவருவீர்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு விரல் வலியே தெரியவில்லை. இத்தனை சந்தோஷமாக நான் எதையும் தைத்ததில்லை, என் மகள் கல்யாணத் துணியைக்கூட.

இனி புதிதாகச் சாயம் போடக் காய் இல்லை. தைக்க ஆளும் இல்லை. வாசலுக்கு நேர் எதிரே கடை. என்ன செய்யப் போகிறீர்கள்?

இன்ஹ்வா


ஜேஜு,
செப்டம்பர் 9

இன்ஹ்வா,

ஒரு சட்டையில் பிரித்துப் பார்த்தேன். நூல் போனாலும் எழுத்து போகவில்லை. மையால் தீட்டிப் பார்த்தேன், மழை பட்டதும் அழுது வடிந்தது. ஒட்டுத்துணி வைத்து நானே தைத்துப் பார்த்தேன். சுன்னிம் சாக்கு சரி, உருளைக்கிழங்கு எங்கே என்று கேட்டாள்.

முப்பதையும் கொளுத்தப் போகிறேன். சந்தையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உன் உழைப்பு சாம்பலாகட்டும்.

கடைசித் தடவையாகக் கேட்கிறேன், இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

தொக்சுன்


பூசான்,
செப்டம்பர் 16

பலகையில் என் பெயரை எழுதுங்கள். முடியாதென்றால் கொளுத்துங்கள்.

இன்ஹ்வா


ஜேஜு,
அக்டோபர் 14

இன்ஹ்வா,

கொளுத்தவில்லை. பலகையிலும் எழுதவில்லை.

சந்தை முடிந்துவிட்டது. நீ தூங்கியிருக்கமாட்டாய், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

தொங்கவிட்டால் முதுகு தெரியும். அதனால் ஒன்றைக்கூடத் தொங்கவிடவில்லை. முதுகு உள்ளே போகும்படி மடித்து மேசையில் அடுக்கினேன். வருகிறவள் சும்மா இருப்பாளா? எடுப்பாள், பிரிப்பாள், வழக்கம்போலத் தையலைப் பார்க்கத் திருப்புவாள். திருப்புவதற்குள் நான் பிடுங்கி, "நான் காட்டுறேம்மா, நான் காட்டுறேன்" என்று மறுபடி மடிப்பேன். அவள் போவாள், அடுத்தவள் வருவாள். மடித்தேன், மடித்தேன், அப்படி மடித்தேன். உச்சி வெயிலுக்குள் எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. எதிர்க் கடையில் பாய் விற்கிறவன், "என்னம்மா, விக்க வந்தீங்களா, மடிக்க வந்தீங்களா?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ எதைச் செய்து வைத்திருக்கிறாய் என்று. உன்னை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டே அடுத்ததை மடித்தேன். ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மடிப்பது சும்மா இல்லை.

மறுநாள் ஒரு கிழவி வந்தாள், கடலில் முங்கிக் காய்த்த கை. என் பிடி அவளிடம் செல்லவில்லை. சட்டையைப் பறித்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் விரித்தாள். முதுகைப் படித்தாள். தலையை நிமிர்த்தி என் கையைப் பார்த்தாள், கையில் பாதி மடித்த இன்னொரு சட்டை. உடனே தூக்கிப் பிடித்து, "ஏ, இங்க வாங்கடி! மடிச்சு வைக்கிறவ தைச்சதாம்!" என்று ஒரு கத்து. கூட்டம் வந்து விழுந்தது. எல்லாருக்கும் முதுகுதான் வேண்டும். எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பறந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரி நர்சு, "எங்க வீட்லயும் நான்தாங்க மடிக்கிறவ" என்று அப்போதே போட்டுக்கொண்டு போனாள்.

கூட்டத்தைப் பார்த்து அதே டிவிக்காரி வந்தாள். அதே மைக். சட்டையை விரித்துக் காட்டி, "யாருங்க இந்த மடிச்சு வைக்கிறவங்க?" என்று கேட்டாள்.

என் கையில் சட்டை. நான் மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

ஒளிபரப்பிவிட்டார்கள். உன் சம்பந்தியம்மா பார்த்திருப்பார்.

உனக்கு எரியும். எரியட்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நீ கேட்டது என்ன? உன் பெயர். நாலு பேர் கண்ணில் பட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும் என்று எழுதினாய். பலகை என்னுடையது, நான் தரவில்லை. ஆனால் முப்பது முதுகு உன் மடியில் கிடந்ததே! அழிக்க முடியாத நூல் உன் கையில் இருந்ததே! இன்ஹ்வா என்று தைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முப்பது பேர் உன் பெயரை முதுகில் சுமந்துகொண்டு இந்தத் தீவு முழுக்கத் திரிந்திருப்பார்கள். அந்த டிவிக்காரி இன்ஹ்வா யார் என்று கேட்டிருப்பாள். நான்தான் என்று என்னால் சொல்லியிருக்க முடியுமா? நீ உன் பெயரைத் தைக்கவில்லை. என் பேச்சைத் தைத்தாய். என் பேச்சு எனக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அடுத்த வருடத்துக்குச் சந்தைக்காரர்கள் இப்போதே அறுபது கேட்கிறார்கள். இந்தச் சந்தையில் இரண்டு தையல்காரிகள் தாங்களாகவே வந்து என்னிடம் பேசிவிட்டுப் போனார்கள். உன் தையல் தேவையில்லை. காய் மட்டும் உன் மரத்தில் பறித்துக்கொள்கிறேன். அதற்கு நீ மறுத்தால் உன் புருஷன் ஆத்மா உன்னைச் சும்மா விடாது. அது அவன் நட்ட மரம்.

தொக்சுன்


பூசான்,
அக்டோபர் 27

தொக்சுன் அக்காவுக்கு,

ஒளிபரப்பைப் பார்த்தேன். சம்பந்தியம்மாவும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அப்போ மடிக்கிறவங்க அவங்களா? நீங்க இல்லையா?" என்று கேட்டார். எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். பரவாயில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னது சரி. இந்த முறை உங்களை ஏமாற்ற எழுதவில்லை, நிஜமாகவே சரி. முப்பது முதுகு என் மடியில் கிடந்தது. உங்களைச் சுட வேண்டும் என்ற அவசரத்தில் என் பெயர் எனக்கே மறந்துபோய்விட்டது. அதை நீங்கள் கண்டுபிடித்து எழுதினீர்கள் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கூடையைச் சம்பந்தியம்மாவின் அறை வாசலில் வைத்துவிட்டேன், மடிக்காமல். "டிவியில சொன்னாங்களே, அது நான் இல்லியாம்" என்றேன். அவர் இப்போது தன் துணியைத் தானே மடிக்கிறார். உங்களால் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது.

மரம் அவர் நட்டதுதான். காயை மறுக்கமாட்டேன். அவர் அக்காவுக்கு அவர் மரத்துக் காய் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொரு வருடமும் தாராளமாகப் பறித்துக்கொள்ளுங்கள்.

மூன் பெரியவருக்கு மறுபடி ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், பெரிய எழுத்தில். அவரும் சரி என்று பதில் எழுதிவிட்டார், இந்த ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். இனி நீங்கள் காய்க்குப் போனால் சுவரேறிக் கை ஆட்டி ஒரு பலனும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "யார் மரத்துல பறிக்க வந்திருக்கீங்க?" என்று கேட்பார். "இன்ஹ்வா மரத்துல" என்று நீங்கள் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் காதில் விழுந்தால்தான் திறப்பார். விழாவிட்டால் மறுபடி கேட்பார். மறுபடி சொல்ல வேண்டும்.

அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, அக்கா. நீங்கள்தானே எழுதினீர்கள். தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருக்கும்.

இன்ஹ்வா